சேலத்துல அந்தக் காலத்து ஃபுட்பால் பிளேயர்ஸ்ல உங்களால மறக்கவே முடியாதவர் யாரு?

நான் சொல்லப்போறவர் பேரு எந்தப் பேப்பர்லயும் வந்ததில்லைங்க. சூரமங்கலம் பக்கம் எங்க ஏரியால அவர யாரும் பேர் சொல்லி கூப்பிட்டதே இல்ல, லெஃப்ட் அவுட்டு, லெஃப்ட் அவுட்டுன்னு தான் கூப்பிடுவாங்க. ஆடற எடம் தான் பேரு. கல்யாணப் பத்திரிகை வெக்க வந்தவங்க கூட எங்க வீட்டு வாசல்ல நின்னு "லெஃப்ட் அவுட்டு வீடு எதுங்க"ன்னு தான் கேப்பாங்க, எங்கம்மா கை காட்டி விடும்.

நான் 1963ல பொறந்தவன், அப்பாவுக்கு ரயில்வேல வேலை, ஜங்ஷன் பக்கம் குவார்ட்டர்ஸ். நான் சொல்றது எழுபதுகள்ல நடந்தது. இப்ப பசங்க விங்கர், ஸ்ட்ரைக்கர்னு சொல்றாங்க, அப்ப முன்னாடி அஞ்சு பேரு, இடது ஓரத்துலருந்து வரிசையா லெஃப்ட் அவுட், லெஃப்ட் இன், சென்டர் ஃபார்வர்ட், ரைட் இன், ரைட் அவுட். இந்தியா டீமே முன்னாடி நாலு பேர் மட்டும் ஆடற 4-2-4க்கு மாறி வருஷக்கணக்கா ஆயிருந்துச்சு, எங்க ஊர் வாயில மட்டும் அந்த அஞ்சு பேரும் போகவே இல்ல.

அவரு வெள்ளக்கல் சுரங்கத்துல வேலை பாத்தாரு. தெரியாதவங்களுக்கு சொல்றேன், சேலத்துலருந்து ஏற்காடு அடிவாரம் வரைக்கும் கிடக்குற மேக்னசைட்ட தான் இங்க வெள்ளக்கல்லுன்னு சொல்லுவோம். ஷிஃப்ட் முடிஞ்சதும் சைக்கிள மிதிச்சிட்டு நேரா கிரவுண்டுக்கு வருவாரு, முழங்கால் வரைக்கும் மாவு பூசுன மாதிரி வெள்ளையா இருக்கும், அத கழுவக் கூட மாட்டாரு, பூட்ஸ மாட்டிட்டு எறங்கிடுவாரு. மொதல் பத்து நிமிஷம் அவர் ஓடற எடத்துல எல்லாம் பொடி பறக்கும். ஜனம் "வந்துட்டான்டா"ன்னு கத்தும்.

அவர்கிட்ட நான் பக்கத்துல நின்னு பாத்த ஒரு விஷயம் இருக்கு. அப்ப எங்க ஊர்ல லேஸ் போட்ட லெதர் பந்து தான். உள்ள ரப்பர் பிளாடர், அதோட வாயில பம்ப் வெச்சு அடிச்சு, வாய மடக்கி நூல் கட்டி உள்ள தள்ளி, மேல தோல் லேஸ கொக்கி ஊசியால இழுத்து இறுக்கணும். எவ்வளவு நல்லா கட்டுனாலும் அந்த லேஸ் கொஞ்சம் புடைச்சிட்டு தான் நிக்கும். ஹெட் பண்ணும்போது அது நெத்தில பட்டா தோல் கிழிஞ்சிடும், மழைல நனைஞ்ச பந்துன்னா கேக்கவே வேணாம், கல்லு மாதிரி கனக்கும். கார்னர் கிக் கெடைச்சா மத்தவங்க பந்த தொப்புனு வெச்சு அடிப்பாங்க. இவர் குனிஞ்சு, ரெண்டு கையாலயும் பந்த மெதுவா உருட்டி, லேஸ் எந்தப் பக்கம்னு பாத்து, அது ஆளுங்க இல்லாத பக்கமா இருக்கற மாதிரி வெச்சு, விரலால ஒரு தட்டு தட்டிட்டு தான் பின்னாடி போவாரு. பந்து சுத்திட்டு தான போகும், லேஸ் எங்க திரும்பும்னு யார் கண்டா, ஆனா எங்க சென்டர் ஃபார்வர்ட் அண்ணன் சாகற வரைக்கும் சத்தியம் பண்ணாரு, அவன் போட்ட பந்து என் நெத்தில ஒரு தடவ கூட குத்துனதில்லடான்னு.

ஹாஃப் டைம்ல எலுமிச்சம்பழத்த பாதி பாதியா வெட்டி குடுக்கறது எங்க வேலை. அத குடுக்கற சாக்குல தான் கிட்ட போய் நிப்போம்.

எங்கப்பா செட்டு ஆளுங்களுக்கு வேற ஹீரோங்க. அவங்க பேச்ச எடுத்தா குன்னூர் வெலிங்டன் எம்.ஆர்.சி, அதாவது மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் டீம்ல தான் வந்து நிக்கும். 1955லயும் 1958லயும் டெல்லி போய் டியூராண்ட் கப்புங்கற பழைய பெரிய ஃபுட்பால் கப்ப தூக்கிட்டு வந்த மிலிட்டரி டீம் அது, கோல் கீப்பர் பீட்டர் தங்கராஜ், நல்ல உயரம். 1962ல ஜகார்த்தால ஏசியன் கேம்ஸ் ஃபைனல்ல இந்தியா தென் கொரியாவ 2-1ன்னு ஜெயிச்சப்ப அவர் தான் கோல்ல நின்னாரு. "நம்ம தங்கராஜு"ன்னு தான் அப்பா சொல்லுவாரு, என்னமோ அடுத்த குவார்ட்டர்ஸ்ல இருக்கற ஆள் மாதிரி. அதுக்கும் முன்னாடி வெறுங்கால்ல ஆடுன கதைய ராத்திரி திண்ணைல உக்காந்து சொல்லுவாங்க. 1952 ஹெல்சிங்கில யூகோஸ்லாவியாகிட்ட 10-1ன்னு அடி வாங்குன பெறகு தான் பூட்ஸ் கட்டாயம்னு ஆச்சாம், அந்தத் தோல்விய சொல்லும்போது அந்தப் பெரியவங்க முகத்துல இருந்த வருத்தம் எனக்கு இன்னும் மறக்கல.

1973 டிசம்பர் கடைசில ஒரு கூத்து நடந்துச்சு. எர்ணாகுளத்துல சந்தோஷ் டிராபி ஃபைனல், மாநில டீமுங்களும் ரயில்வே மாதிரி டீமுங்களும் மோதற நேஷனல் ஃபுட்பால் போட்டி அது, அன்னைக்கு கேரளாவும் ரயில்வேஸும். எங்க காலனில பாதி மலையாளி குடும்பங்க, சோறு போடறது ரயில்வே, மனசு கேரளா, என்ன பண்ணுவாங்க பாவம். கேப்டன் மணி மூணு கோல் போட்டு கேரளா 3-2ன்னு மொதல் தடவையா கப்ப ஜெயிச்சுது. எங்க பக்கத்து வீட்டு சேட்டா எங்கப்பாகிட்ட வந்து கைய புடிச்சிட்டு அழுதாரு, அப்பா "தோத்தது நம்ம ஆபீஸு, ஜெயிச்சது உங்க ஊரு, மிட்டாய் யார் வாங்கறது"ன்னு கேட்டு ரெண்டு பேருமே போய் வாங்கிட்டு வந்தாங்க.

எங்க லெஃப்ட் அவுட்டுக்கு வர்றேன். அவர் ஆடுனதுலயே பெரிய மேட்ச்னா நான் ஏற்காட்டுல பாத்தத தான் சொல்லுவேன், அது டோர்னமென்ட்டு கூட இல்ல, எஸ்டேட் ஆளுங்க டீமோட சும்மா வெச்ச மேட்ச். எனக்கு அப்ப 12, 13 வயசு இருக்கும். காலைல மொத பஸ்ல 20 ஹேர்பின் பெண்டும் ஏறி மேல போனோம், கூட பந்து, பம்ப், ஒரு கூடை மாங்கா. செகண்ட் ஹாஃப் ஆரம்பிச்சதும் பனி எறங்கிடுச்சு. அந்தப் பக்கத்து கோல் போஸ்ட்டு காணாம போச்சு, அப்பறம் கோல் கீப்பர், அப்பறம் நடுக்கோடு வரைக்கும் எதுவுமே தெரியல. ரெஃபரி நிறுத்தலாமான்னு கேக்கறாரு, ரெண்டு டீமும் வேணாங்குது. நாங்க கோட்டுக்கு வெளிய நின்னுட்டு சத்தத்த வெச்சு தான் மேட்ச் பாத்தோம், பூட்ஸ் சத்தம், "விடு விடு"ன்னு குரல், அப்பறம் அவர் காலு பட்டா மட்டும் வர்ற ஒரு சத்தம், தொம்முனு கனமா, மத்தவங்க அடிச்சா அப்படி வராது. எங்கூட நின்ன ஒரு பெரியவர் கண்ண மூடிட்டு "இது அவன் சென்டர் பண்ணது"ன்னாரு. அடுத்த நிமிஷம் உள்ளருந்து கோல்னு சத்தம். யார் போட்டது, எப்படி போட்டது, ஒருத்தரும் பாக்கல. ஆனா அந்த கோல பத்தி சூரமங்கலம் டீக்கடைல இருபது வருஷம் பேசுனாங்க, ஒவ்வொருத்தரும் நேர்ல பாத்த மாதிரி சொல்லுவாங்க, நானும் சொல்லிருக்கேன்.

1983ல கபில்தேவ் கப் வாங்குனதும் எங்க கிரவுண்டு நடுவுல பிட்ச் வந்துடுச்சு. 1986ல மரடோனாவ டிவில பாத்துட்டு கொஞ்ச நாள் பசங்க திரும்ப பந்த உதைச்சாங்க, அதுவும் ஒரு மழைக்காலம் தாங்கல. கிரிக்கெட் மேல எனக்கு கோவம்லாம் கெடையாது, சின்னப்பம்பட்டி நடராஜன் இந்தியாவுக்கு ஆடுனப்ப நானும் தான் வெடி போட்டேன். ஆனா நடராஜன் போட்ட ஒவ்வொரு பாலும் எங்கயாவது ரெக்கார்டுல இருக்கும். எங்க அண்ணனுங்க ஆடுனதுக்கு ஒரு ஸ்கோர் ஷீட் கூட இல்ல. ஷிஃப்ட் போட்டு ஒழைச்சிட்டு வந்து, கைக்காசு போட்டு லேஸ் வாங்கி ஆடுனவங்க அவங்க. எனக்கு அது தான் தாங்கல, அதனால தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

போன வருஷம் ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு பேரனோட போயிட்டு வரும்போது அவர வீட்ல போய் பாத்தேன். எண்பத தாண்டிட்டாரு, காது சரியா கேக்கல, என்ன தெரியுதான்னு கேட்டா "எலுமிச்சம்பழம்"னாரு. பேரன் கைல வெச்சிருந்த பிளாஸ்டிக் பந்து உருண்டு அவர் காலடில போச்சு. சேர்ல உக்காந்தபடியே குனிஞ்சு எடுத்து, ரெண்டு கையாலயும் மெதுவா உருட்டி உருட்டி பாத்தாரு. அந்தப் பந்துல ஏதுங்க லேஸு. ஒரு தட்டு தட்டி பேரன்கிட்ட குடுத்தாரு.

1974லருந்து 80 வரைக்கும் ஜங்ஷன், சூரமங்கலம் பக்கம் ஆடுன டீம் போட்டோ யார் வீட்லயாவது பரண்ல கெடந்தா தயவுசெஞ்சு கீழ கமெண்ட்ல போடுங்க. நிக்கற வரிசைல இடது ஓரம், முழங்கால் வரைக்கும் வெள்ளையா இருக்கறவர் தான் அவரு.