அமெரிக்காவில் மாதிரி திருநெல்வேலிப் பக்கமும் டொர்னேடோ சுழல்காற்றைத் துரத்திப் படம் பிடிக்க முடியுமா?

முடியாது. வள்ளியூர், ராதாபுரம் பக்கம் சித்திரை வெயிலில் செம்மண்ணையும் காய்ந்த சருகையும் சுருட்டிக்கொண்டு எழும்புமே, அது சூடேறிய தரையிலிருந்து கிளம்பும் வெறும் புழுதிச்சுழல். செல்போனை எடுப்பதற்குள் அடங்கிவிடும்.

டொர்னேடோ இடிமேகத்தோடு சேர்ந்தது. மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்றும் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் சந்திக்கும் ஓக்லஹோமா போன்ற சமவெளிகளில்தான் அதிகம். துரத்துவது என்றால் பின்னாலேயே ஓடுவது இல்லை. ரேடாரைப் பார்த்து, பெரும்பாலும் மேகத்துக்குத் தென்கிழக்கே, தப்பிக்க ஒரு சாலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். அதுவும் சில நேரம் கைகொடுக்காது. 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோ ஊர் அருகே 4.2 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்த சுழல் திசைமாறியதில், பழுத்த அனுபவசாலி டிம் சமராஸ், அவர் மகன் பால், கூட்டாளி கார்ல் யங் மூவரும் இறந்தார்கள்.

அப்புறம், நம்ம ஆடிக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நேராக வந்து பணகுடி காற்றாலைகளைச் சுற்றவைப்பது. அந்தக் காற்று தானாகச் சுழலாது.