தலைப்பாகைக்குள் ஒரு சீப்பு

கேள்வி: சீக்கியர்கள் ஏன் முடி வெட்டுவதில்லை? தலைப்பாகை கட்டாயமா?
– வாசகர், திருச்சி

பதில்: 1699 வைசாகி அறுவடைத் திருநாளன்று பஞ்சாபின் அனந்த்பூர் சாகிபில் சீக்கியர்களின் பத்தாவது குருவான குரு கோவிந்த் சிங், தீட்சை பெற்ற சீக்கியர்களின் அமைப்பான கால்சாவைத் தொடங்கினார். அதில் சேர்ந்தவர்கள் எப்போதும் உடலோடு வைத்திருக்க வேண்டிய ஐந்தில் ஒன்று கேசம், அதாவது வெட்டாத முடி. கடவுள் தந்ததை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன் என்பதுதான் அதன் பொருள். அப்படியென்றால் சடைபிடிக்க விடுவார்களா என்றால் இல்லை, கங்கா என்ற சிறிய மரச்சீப்பும் அந்த ஐந்தில் உண்டு. காலையிலும் மாலையிலும் வாரி, உச்சியில் கொண்டை போட்டு, சீப்பை அதிலேயே செருகிக்கொண்டு, துணியின் ஒரு முனையைப் பல்லில் கடித்தபடி மீட்டர் கணக்கில் சுற்றிக் கட்டுவார்கள்.

தலைப்பாகை அந்த ஐந்தில் இல்லை, ஆனாலும் கேசத்தைக் காப்பது அதுதான். அந்தக் காலத்தில் அது பெரிய இடத்து ஆட்களின் அடையாளம், அதை எல்லோர் தலையிலும் ஏற்றியதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. சில பெண்களும் கட்டுகிறார்கள்.

அப்புறம், 1745-இல் லாகூரில் முடியை இழக்க மறுத்த பாய் தாரு சிங் என்ற சீக்கியரின் உச்சந்தலைத் தோலையே அங்கிருந்த முகலாய ஆளுநரின் ஆட்கள் உரித்தார்கள். அப்படி உயிர் விட்டவர்களை இன்றும் தினசரி அர்தாஸ் பிரார்த்தனையில் நினைக்கிறார்கள்.