21 நாள் தானியேல் உபவாசத்தில் தலைவலி

சகோதரி, தானியேல் உபவாசத்தில் (பைபிளில் வரும் தானியேலைப் போல எளிய மரக்கறி உணவோடு இருக்கும் நோன்பு) ஐந்தாம் நாளே தலைவலி, சோர்வு, பாதியில் விட்டால் பொருத்தனை (கடவுளுக்குக் கொடுத்த வாக்கு) மீறலா என்று கேட்டிருக்கிறீர்கள். காபியை ஒரேயடியாக நிறுத்தியதால் தலைவலி வந்திருக்கலாம். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கும். சோர்வுக்குக் காரணம் வேறு. நீங்கள் சாப்பிடும் வெறும் பப்பாளியும் வெள்ளரிக்காயும் எப்படிப் போதும்? பைபிளின் தானியேல் புத்தகம் முதல் அதிகாரத்தில் தானியேல் பருப்பும் மரக்கறியும் கேட்டுச் சாப்பிட்டார், பட்டினி கிடக்கவில்லை. மத்தியானம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், இரவு பருப்புக்கீரைக் கடைசல் சேருங்கள். பத்தாம் அதிகாரத்து மூன்று வாரத்திலும் அவர் தவிர்த்தது ருசியான அப்பம், இறைச்சி, திராட்சரசம். (சோறே கூடாதென்று சண்டை போடுபவர்களை விடுங்கள்.) முடியவில்லையா, போதகரிடம் சொல்லிப் பத்து நாளோடு முடிக்கலாம், முதல் அதிகாரத்தில் அவர் கேட்டதும் பத்து நாள்தான், அதுவும் தானியேல் கணக்குதான். அப்புறம், சர்க்கரை மாத்திரை போடுவதாக எழுதியிருக்கிறீர்களே, நாளைக்கே டாக்டரிடம் பேசுங்கள். சாப்பாட்டைக் குறைத்துவிட்டு அதே மாத்திரையைப் போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடக்கூடும்.