கேட்டுக்கு வெளியே நின்றது யார்?

கேள்வி: எனக்கு 54 வயது. மார்த்தாண்டம் அருகே ஒரு கிராமத்தில் மனைவியோடும் 79 வயதான அம்மாவோடும் வசிக்கிறேன். மகன் துபாயில் வேலை செய்கிறான். சிறு வயது முதல் சபைக்குத் தவறாமல் போகிறவன் நான். ஆனால் மூன்று ஆண்டுகளாகப் பயம் என்னைப் பிடித்து ஆட்டுகிறது. நள்ளிரவில் விழிப்பு வந்து நெஞ்சு படபடக்கிறது. மருத்துவர் எல்லாப் பரிசோதனைகளையும் செய்துவிட்டு, இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்றார். செத்துப்போவேனோ, மகனுக்கு ஏதாவது நேருமோ, இருப்பதெல்லாம் கைவிட்டுப் போகுமோ என்று ஓயாத எண்ணங்கள். தினமும் 91ஆம் சங்கீதம் வாசிக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம் செய்கிறேன். வீட்டைச் சுற்றி நான்கு கேமராக்கள் பொருத்தியும் மனம் அடங்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இரவு கேட்டில் மணி அடித்தது. செல்போனில் பார்த்தால் என் தங்கை பிள்ளைகளோடு நிற்கிறாள். எங்களுக்குள் வெகு நாட்களாகப் பேச்சு இல்லை. மனைவி சொன்னதால் விளக்குகளை அணைத்துவிட்டு, ஆள் இல்லாததுபோல் இருந்துவிட்டோம். அன்றும் தூக்கம் வரவில்லை. அப்பா மூன்று ஆண்டுகளுக்கு முன் உயில் எழுதாமல் இறந்தார். வீடும் ரப்பர் தோட்டமும் என் பெயரில்தான் இருக்கின்றன. முப்பதாம் நாள் ஜெபம் முடிந்த வாரத்திலேயே அம்மாவும் தங்கையும் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். தங்கைக்கு நகை போட்டு நல்லபடியாகவே கட்டிக்கொடுத்திருக்கிறோம். என் விசுவாசத்தில் என்ன குறை? பயம் நீங்க எந்த வசனத்தைப் பிடித்துக்கொள்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: சகோதரரே, ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கேமரா எதற்காக வைத்தீர்கள்? திருடன் வந்தால் தெரியவேண்டும் என்றுதானே? அன்றிரவு அது உங்களுக்குக் காட்டியது உங்கள் அப்பாவின் மகளை. அவளைக் கண்டதும் நீங்கள் விளக்கை அணைத்தீர்கள். கத்தியோடு ஒருவன் நின்றிருந்தால்கூட விளக்கைப் போட்டு, கூச்சலிட்டு, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டிருப்பீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பெண்ணுக்குப் பயந்து இருட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். ஏன்?

விடையை உங்கள் கடிதமே சொல்கிறது. பயம் வந்து மூன்று ஆண்டுகள். பத்திரம் எழுதியும் மூன்று ஆண்டுகள். இரண்டையும் ஒரே தாளில் எழுதிவிட்டு, இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லாததுபோல் நடுவில் சங்கீதத்தையும் உபவாசத்தையும் வைத்திருக்கிறீர்கள்.

எல்லாப் பயமும் பாவத்தால் வருகிறது என்று நான் சொல்லவில்லை. அப்படிப் பிரசங்கிக்கிறவர்களோடு சண்டை போடுகிறவள் நான். நோயால் பயப்படுகிறவர்கள் உண்டு, பிள்ளையைப் பறிகொடுத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு, காரணமே தெரியாமல் உடலும் மனமும் சோர்ந்து பயப்படுகிறவர்களும் உண்டு. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, சாகவேண்டும் என்று கேட்டபோது தேவன் அவரை அதட்டவில்லை. தூங்கவிட்டார், தூதனை அனுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். அப்படிப்பட்ட ஒருவர் எனக்கு எழுதியிருந்தால் என் பதில் வேறு. நீங்கள் சூரைச்செடியின் கீழ் படுத்திருப்பவர் அல்ல. நீங்கள் யாக்கோபு.

ஆதியாகமம் 32ஆம் அதிகாரத்தை இன்றிரவு வாசியுங்கள். அண்ணன் ஏசாவை ஏமாற்றி ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டு ஓடியவன், இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருகிறான். ஆடு, மாடு, ஒட்டகம், மனைவிகள், பிள்ளைகள் எல்லாம் இருக்கின்றன. ஏசா நானூறு பேரோடு எதிரே வருகிறான் என்று கேள்விப்பட்டதும் மிகவும் பயந்துபோகிறான். உடனே கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறான். ஒன்றை ஏசா மடக்கினாலும் மற்றது தப்பட்டும் என்று கணக்குப் போடுகிறான். பிறகு ஜெபிக்கிறான். அழகான ஜெபம் அது. தேவன் தந்த வாக்கை நினைவுபடுத்துகிறான், தான் எதற்கும் தகுதியில்லாதவன் என்று தாழ்த்துகிறான், 'என் சகோதரனாகிய ஏசாவின் கைக்கு என்னைத் தப்புவியும்' என்று கெஞ்சுகிறான். அந்த ஜெபம் முழுவதையும் தேடிப் பாருங்கள்: 'நான் அவனை ஏமாற்றினேன்' என்ற ஒரு வார்த்தை கிடையாது. ஏசா பயங்கரமானவன் என்பது மட்டும் இருக்கிறது. ஏசாவுக்குத் தான் செய்தது இல்லை.

உங்கள் வெள்ளிக்கிழமை ஜெபங்களும் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. சாவிலிருந்து காப்பாற்றும், மகனைக் காப்பாற்றும், சொத்தைக் காப்பாற்றும். தங்கையின் பெயர் அதில் எங்காவது வருகிறதா?

யாக்கோபுக்குத் தேவன் என்ன பதில் கொடுத்தார்? ஆறுதல் சொல்லித் தூங்கவைக்கவில்லை. இரவு முழுவதும் அவனோடு போராடி, தொடைச்சந்தைச் சுளுக்கவைத்து, 'உன் பேர் என்ன' என்று கேட்டார். முன்பு குருடாயிருந்த தகப்பன் யாரென்று கேட்டபோது 'நான் ஏசா' என்று சொன்ன வாய், இப்போது 'யாக்கோபு' என்கிறது. அதன் பிறகுதான் ஆசீர்வாதம். அதன் பிறகும் ஏசாவை அவன் சந்தித்தே ஆகவேண்டியிருந்தது. முன்பு மனைவி பிள்ளைகளை முன்னே அனுப்பிவிட்டுப் பின்னால் தங்கியவன், நொண்டிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் நடந்து போகிறான்; ஏழுவிசை தரைமட்டும் குனிந்து வணங்குகிறான். காணிக்கையாக அவன் அனுப்பியவை ஐந்நூறுக்கும் மேற்பட்ட கால்நடைகள். வேண்டாம் என்று ஏசா சொன்னபோதும், வற்புறுத்தி வாங்கிக்கொள்ளவைத்தான். பயம் எங்கே தீர்ந்தது என்று நினைக்கிறீர்கள்? ஏசா ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுத அந்த வெட்டவெளியில்.

நீங்கள் 91ஆம் சங்கீதத்தை ஐந்தாவது கேமராவாக மாட்டி வைத்திருக்கிறீர்கள். உன்னதமானவரின் மறைவில் தங்குகிறவனுக்கு எழுதப்பட்ட பாட்டு அது. தங்கைக்கு மறைந்து உட்கார்ந்தவனுக்கு அது எப்படிப் பலிக்கும்? பயத்தைப் பற்றிப் புதிய ஏற்பாட்டில் இருக்கும் மிகத் தெளிவான வார்த்தை உங்களுக்கு மனப்பாடமாகவே தெரிந்திருக்கும்: 'அன்பிலே பயமில்லை, பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்.' 1 யோவான் 4:18. அங்கேயே நிறுத்திவிடுகிறோம். இரண்டு வசனம் தள்ளிப் படியுங்கள். 'தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்?' நீங்கள் கண்டீர்கள், ஐயா. செல்போன் திரையில் தெளிவாகவே கண்டீர்கள்.

மறுநாள் காலை கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் போயிருப்பீர்கள். திருவிருந்தும் எடுத்தீர்களா? சகோதரனுக்கு நம்மேல் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன்பாகவே வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகு என்றவர் இயேசு. நம் சபைகளில் இந்த ஒரு கட்டளையைக் கடைப்பிடித்தால் பாதிப் பேர் பந்தியிலிருந்து எழுந்து போகவேண்டிவரும். போகட்டும், ஆலயம் ஒரு வாரம் காலியாகக் கிடந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

நகை போட்டுக் கட்டிக்கொடுத்தோம் என்கிறீர்கள். உங்களைப் படிக்கவைத்ததும் அப்பாவின் பணம்தானே. அதை யாராவது உங்கள் பங்கில் கழித்தார்களா? பெண்ணுக்குப் போட்ட நகை புகுந்த வீட்டுக்குப் போகிறது, ஆணுக்குக் கொடுத்தது நிலமாக நிற்கிறது, பிறகு இரண்டும் சமம் என்று கணக்கு முடிக்கிறோம். திருவிதாங்கூரில் 1916இல் கொண்டுவரப்பட்ட கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் இந்தக் கணக்கைத்தான் எழுதிவைத்தது: மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. 1956இல் நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்த வழக்கம் நம்மை விடவில்லை. 1986இல் மேரி ராய் என்ற கிறிஸ்தவப் பெண் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்து, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே நமக்குப் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அந்தச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த உங்கள் அப்பாவின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு. மீதியை நீங்களும் தங்கையும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளவேண்டும். ஆக, மூன்று பேருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று. மூன்றையும் நீங்கள் ஒருவரே வைத்திருக்கிறீர்கள்.

கையெழுத்துப் போட்டாளே என்பீர்கள். அப்பாவைப் புதைத்த மண் காய்வதற்குள், அழுது வீங்கிய கண்ணோடு, அண்ணன் நீட்டிய தாளில் ஒரு தங்கை போடுகிற கையெழுத்து எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நீதிமன்றத்தில் அந்தப் பத்திரம் நிற்கலாம். அதைப் பற்றி நான் வாதாட வரவில்லை. நின்றுவிடும் என்ற நிச்சயம் உங்களுக்கு இருந்தும் ஏன் தூக்கம் இல்லை என்பதுதான் நீங்கள் என்னிடம் கேட்ட கேள்வி.

இதே மண்ணில்தான் நம் முன்னோர் பெண்கள் மார்பை மறைக்கும் தோள்சீலைக்காக அடிபட்டார்கள். 1859இல் அரசு இறங்கிவரும்வரை விடவில்லை. சுவிசேஷம் நம் ஊருக்கு வந்தபோது பெண்ணுக்கு மானத்தைக் கொண்டுவந்தது. அதே சுவிசேஷத்தை ஞாயிறுதோறும் கேட்கிற வீடுகள், மகளுக்குப் பங்கு என்றதும் பழைய சமஸ்தானத்துச் சட்டத்துக்குத் திரும்பி ஓடுவதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு எரிகிறது. யோபுவை எடுத்துக்கொள்ளுங்கள். 'நான் பயந்த காரியம் எனக்கு நேரிட்டது' என்று புலம்பிய மனிதர் அவர். எல்லாம் திரும்பக் கிடைத்த பிறகு அவர் செய்ததாக வேதம் குறித்துவைத்திருக்கும் காரியம் என்ன தெரியுமா? மகள்களுக்கு அவர்கள் சகோதரர் நடுவிலே சுதந்தரம், அதாவது சொத்தில் பங்கு, கொடுத்தார். எல்லாவற்றையும் இழந்து பார்த்தவருக்குக் கையை இறுக மூடிக்கொள்ளத் தோன்றவில்லை.

மனைவி சொன்னதால் விளக்கை அணைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அவர்மேல் போடாதீர்கள். அவருக்கு அவள் நாத்தனார், உங்களுக்கு உடன்பிறந்தவள். அப்பா போன வீட்டில் அண்ணன் அப்பாவின் இடத்தில் நிற்கிறவன். இது பழைய காலத்து எண்ணம் என்று யார் சொன்னாலும் நான் மாற்றிக்கொள்ளமாட்டேன். பிறந்த வீட்டின் கேட் ஒரு பெண்ணுக்கு மூடியிருந்தால், புகுந்த வீட்டில் அவள் தலைநிமிர்ந்து நிற்பது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும், பங்கை எழுதிக்கொடுத்த பிறகும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பண்டிகைக்கு வந்து மணியடித்தாள். உங்கள் இருவரில் பயமில்லாதவள் அவள்.

உங்கள் அம்மாவும் அன்று அந்த வீட்டில்தான் இருந்திருக்கிறார். அந்த இரவைச் சொல்லும்போது அவரைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை நீங்கள். மகள் வந்தது அவருக்குத் தெரியுமா? மணிச் சத்தம் கேட்டிருக்காதா? 79 வயதில் ஒரு தாய் தன் மகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்ப்பதைத் தடுத்துவிட்டு, நள்ளிரவில் எழுந்து மரணபயம் என்கிறீர்கள். சாவுக்கு உங்களைவிட அருகில் இருப்பவர் அவர். அவருடைய நாட்களை நினைத்து ஒரு நாளாவது விழித்திருந்தீர்களா?

இனி செய்யவேண்டியதைச் சொல்கிறேன். இந்த வாரமே தங்கை வீட்டுக்குப் போங்கள். போனில் பேசி முடிக்காதீர்கள். போதகரையோ சபை மூப்பர்களையோ முன்னால் அனுப்பாதீர்கள்; யாக்கோபு முன்னால் நடந்தான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள், அது அவருடைய உரிமை. போனதும் அன்றிரவு வீட்டில் இருந்தோம், உன்னைப் பார்த்தோம், விளக்கை அணைத்தோம் என்று முதலில் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் பங்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது பேரமாகிவிடும். அவள் ஏசாவைப்போல் ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று என்னால் உறுதி தரமுடியாது. முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். கதவைத் திறக்காமலும் இருக்கலாம். அதற்கு அவளுக்கு நியாயம் உண்டு. அப்படியானால் மறுபடியும் போங்கள்.

அவள் மனம் இளகினாலும் இளகாவிட்டாலும் பத்திரம் நடக்கட்டும். ஒரு வழக்கறிஞரைப் பார்த்து, அவளுடைய மூன்றில் ஒரு பங்கை அவள் பெயருக்கு எழுதிப் பதிவு செய்ய வழி கேளுங்கள். அம்மாவின் பங்கு அம்மாவுடையது. அவர் யாருக்குக் கொடுக்க விரும்புகிறார் என்று நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது வழக்கறிஞரே அவரிடம் கேட்கட்டும். துபாயில் இருக்கும் மகனுக்கு இன்றே போன் செய்து விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். எல்லாம் தனக்குத்தான் என்று அவன் எண்ணிக்கொண்டிருக்கக்கூடும். இந்த மூன்று ஆண்டுகளில் தோட்டத்தில் பால் வெட்டி வந்த வருமானத்திலும் அவளுக்குப் பங்கு இருக்கிறது, அதையும் கணக்குப் பாருங்கள். முத்திரைத்தாள் செலவும் பதிவுக் கட்டணமும் உங்களுடையவை. அவளிடம் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.