இலை மஞ்சளானால் தீவனத்தைக் கூட்டலாமா?

கேள்வி: மீன் தொட்டி நீரிலேயே செடி வளர்க்கும் 1,000 லிட்டர் அக்வாபோனிக்ஸ் அமைப்பில் லெட்யூஸ் கீரை வளர்க்கிறேன். குருத்து இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. நைட்ரேட் 80 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்), பி.எச். (அமில-கார அளவு) 7.6. அன்னபேதி (இரும்பு சல்பேட்) போட்டும் தேறவில்லை. தீவனத்தைக் கூட்டட்டுமா?

பதில்: வேண்டாம். நைட்ரேட் 80 இருந்தால் தழைச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. குறைவது இரும்பு. ஒருமுறை இலைக்குப் போன இரும்பு அங்கிருந்து நகராது. அதனால்தான் குறை முதலில் குருத்தில் தெரிகிறது. மீன் தீவனத்திலும் செடிக்குப் போதுமான இரும்பு இருக்காது. அன்னபேதியோ, உங்கள் பி.எச். அளவில் காற்றுப் பட்டதும் துருவாகி அடியில் படிந்துவிடும்.

கீலேட் இரும்புதான் வழி, அதாவது படிந்துவிடாதபடி வேறொரு சேர்மம் பிடித்துவைத்திருக்கும் இரும்பு. அதிலும் வகை முக்கியம். இ.டி.டி.ஏ. வகை பி.எச். 6.5-க்கு மேல் பிடியை விட்டுவிடும், டி.டி.பி.ஏ. ஏறக்குறைய 7 வரை தாங்கும். 7.6-க்கு இ.டி.டி.எச்.ஏ. தேவை. இலக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு. 6 சதவீத இரும்புள்ள தூளென்றால் 33 கிராமை வாளி நீரில் கரைத்து ஊற்றுங்கள். தண்ணீர் செந்நிறமாகும், பயப்பட வேண்டாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்யலாம்.

பி.எச். ஏன் 7.6-லேயே நிற்கிறது என்றும் பாருங்கள். அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா அமிலத்தை உண்டாக்குவதால் அது தானாகவே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் எங்கோ சுண்ணாம்பு கரைகிறது. செடிப் படுகையில் நிரப்பிய கல்லில் வினிகர் விடுங்கள். நுரைத்தால் கல்லை மாற்றுங்கள்; அமிலம் ஊற்றினாலும் சில நாளில் பழையபடி ஏறிவிடும். நுரைக்காவிட்டால் நீங்கள் சேர்க்கும் நீரின் காரத்தன்மையைச் சோதியுங்கள்.

கேள்வி: தக்காளியின் அடி இலைகள் ஓரத்தில் கருகுகின்றன. பி.எச். 6.2-க்கு இறங்கும்போதெல்லாம் சமையல் சோடா போடுகிறேன்.

பதில்: கருகலுக்குக் காரணம் பொட்டாசியக் குறை. சோடா அதை மோசமாக்குகிறது: சேர்ந்துகொண்டே போகும் சோடியம், வேர் பொட்டாசியத்தை எடுப்பதைத் தடுக்கும். சோடாவை நிறுத்துங்கள். சேர்ந்துவிட்ட சோடியத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாக நீரை மாற்றுவதுதான் வழி.

பி.எச். ஏற்ற, 1,000 லிட்டருக்கு 20 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட்டைக் கரைத்து ஊற்றி, மறுநாள் அளந்து பாருங்கள். இதில் சுமார் 8 பி.பி.எம். பொட்டாசியமும் கிடைக்கும். அடுத்த முறை நீற்றிய சுண்ணாம்பு, 5 கிராமில் தொடங்கி. இப்படி மாற்றி மாற்றிப் போட்டால் கால்சியமும் குறையாது. 6.8-இல் நிறுத்திவிடுங்கள். ஒரு நாளில் 0.2-க்கு மேல் ஏற்றாதீர்கள். நீரில் அம்மோனியா இருந்தால், பி.எச். ஏற ஏற அது மீனுக்கு நஞ்சாகும்.