மலையகத்துல தமிழ், சிங்களப் பிள்ளைகள ஒண்ணா சேர்க்கிற கலை ப்ரொஜெக்ட் எதுல தொடங்கலாம்?

என்னைக் கேட்டா மேளத்துல தொடங்குங்க, பாஷை தெரியாட்டியும் ஓடும். தேயிலைத் தோட்டத்துல தமிழாக்கள் அடிக்கிற தப்புங்கிற மேளம் இருக்கு, பக்கத்து சிங்கள கிராமத்துல கண்டிய நடனத்துக்கு அடிக்கிற 'கெட்ட பெர'ங்கிற மேளம் இருக்கு. கெட்ட பெரயை இடுப்புல கட்டி ரெண்டு பக்கமும் வெறுங்கையால அடிப்பாங்க, தப்புக்கு ஒரே பக்கம்தான் தோல், அதையும் குச்சியால அடிக்கணும், அடிக்க முன்னுக்கு நெருப்புல காட்டி சூடேத்தணும், அந்த நெருப்பைச் சுத்தி நிக்கிற நேரத்துலயே பொடியன்க பாதி சிநேகிதமாகிடுவாங்க.

பெறகு காமன் கூத்து. மாசி மாசம் நிறைய தோட்டத்துல நடக்கும், மன்மதனை சிவன் எரிக்கிறது, ரதி அழுறதுன்னு கதை, பார்த்தாலே விளங்கும். ஆனா அது சாமிக்கு நேர்ந்துக்கிட்டு விரதத்தோட செய்றது, அதனால வேஷம் கேட்டு நிக்காம முதல்ல கோயில் கமிட்டிகிட்ட பேசுங்க, சிங்களப் பிள்ளைகள பார்க்கக் கூப்பிடுங்க, ஒத்திகைக்கும் வரச்சொல்லுங்க.

ஒரு நாள் வர்க்‌ஷொப் வச்சு பேனர் புடிச்சு போட்டோ எடுத்து பணிஸ் பார்சல் குடுத்து அனுப்புறது சுத்த வேஸ்ட்! கிழமைக்கு ஒருக்கா, மாசக்கணக்கா நடக்கணும். பொம்பளப் பிள்ளைகளும் வரணும்னா கடைசி பஸ்ஸுக்கு முன்ன முடிச்சிடுங்க, இல்லாட்டி வீட்ல விடமாட்டாங்க.