விளையாடிப் பார்த்தவை: வாசகர் கேள்வி–பதில்

கடந்த ஓராண்டில் நான் விளையாடிய வீடியோ கேம்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்க அளவில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இவை யாவும் என் சொந்தக் கருத்துகள். ஒரு கேம் சொல்ல வந்ததை, என் கை செய்யும் வேலையின் வழியாகச் சொல்கிறதா என்பதே நான் பார்க்கும் முதல் விஷயம். படமும் இசையும் வசனமும் எனக்கு அதற்கு அடுத்தபடியாகத்தான்.

கேள்வி: ‘புளூ பிரின்ஸ்’ என்னும் கேமைத் தாங்கள் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்திருந்தீர்கள். என் மகன் பத்து நாள் விளையாடிவிட்டு, ‘இது முழுக்க அதிர்ஷ்டம்’ என்று சொல்லி விட்டுவிட்டான். வீட்டுக்குள் அறை அறையாக நடப்பதில் அப்படி என்ன இருக்கிறது?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: தங்கள் மகன் சொன்னதை நானும் முதல் வாரத்தில் சொல்லியிருக்கிறேன். 2025 ஏப்ரலில் வெளிவந்த இந்தக் கேமில், தாத்தா முறையுள்ள ஒருவர் தம் மாளிகையை ஒரு சிறுவனுக்கு உயில் எழுதி வைக்கிறார். ஆனால் 45 அறைகள் கொண்ட அந்த வீட்டில் 46ஆவது அறையைக் கண்டுபிடித்தால்தான் சொத்து அவனுக்குச் சேரும் என்பது நிபந்தனை. ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் மூன்று அறைகளின் வரைபடங்கள் நம் முன் வைக்கப்படுகின்றன. நாம் எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அந்த அறையே கதவுக்குப் பின்னால் அமைகிறது. அகலத்தில் ஐந்து, நீளத்தில் ஒன்பது என்ற கட்டங்களுக்குள் இப்படி வீட்டை அமைத்துக்கொண்டே வாசலிலிருந்து எதிர்ப்புறக் கோடி வரை போய்ச் சேர வேண்டும். ஒரு நாளைக்கு 50 அடிகளோடு தொடங்குகிறோம். ஓர் அறைக்குள் நுழைந்தால் ஓர் அடி குறையும். இரவில் அந்த வீட்டுக்குள் தங்கக் கூடாது. மறுநாள் காலையில், முதல் நாள் அமைத்த அறைகள் எல்லாம் கலைந்து, வீடு மீண்டும் வெறும் கட்டங்களாகி நிற்கும்.

கிடைத்த மூன்றில் எது நல்ல அறை என்று பார்த்துக்கொண்டிருந்தவரை எனக்கும் இது அதிர்ஷ்டமாகத்தான் தெரிந்தது. எந்த அறையை எந்த இடத்தில் செலவழிப்பது என்று யோசிக்கத் தொடங்கிய பிறகு, வேறு வழியில்லாத முட்டு அறைகளை மூலைகளில் ஒதுக்கவும், நான்கு பக்கமும் கதவுள்ள அறைகளை நடுவீட்டுக்காகக் காத்து வைக்கவும் கற்றுக்கொண்டேன். தாயத்தில் சோழி எப்படி விழும் என்பது நம் கையில் இல்லை, எந்தக் காயை நகர்த்துவது என்பது மட்டுமே நம்முடையது. இதுவும் அப்படித்தான் என்று தங்கள் மகனிடம் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் இந்தக் கேமை நான் முதலிடத்தில் வைத்ததற்குக் காரணம் அது மட்டுமன்று. பள்ளத்தூரில் எங்கள் பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான வீடு ஒன்று இருக்கிறது. முகப்பில் நின்றால் வளவு என்னும் நடுமுற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்தெரு வரை ஒரே நேர்கோட்டில் கண் போகும். ஆனால் வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வோர் ஆணின் குடும்பத்துக்கும், ஒன்றாக அமைந்த அறைகள் எப்போதும் பூட்டியே இருக்கும். அவற்றின் சாவிகள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருந்தன. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் எந்த அறை யாருடையது, யாருடைய அறையில் பெட்டகம் இருக்கிறது, எது அடுத்த கலியாணத்துக்குத் திறக்கும் என்பதை அப்பத்தா சொல்லக் கேட்டே அந்த வீட்டை அறிந்தேன். இன்று வரை அதன் உள்ளே நான் முழுவதும் போனதில்லை. உரிமை இருந்தும் உள்ளே போக முடியாத வீடு என்பது எப்படிப்பட்ட உணர்வு என்பதை, ஒரு சொல்லும் விளக்கிச் சொல்லாமல், கதவும் வரைபடமும் எண்ணிக்கொடுத்த அடிகளும் கொண்டே இந்தக் கேம் என் கையில் தந்தது. இதை வேறு எந்தக் கேமிலும் நான் பெற்றதில்லை.

குறையும் சொல்ல வேண்டும். பல நாள் உழைத்து ஒரு புதிருக்கு விடை கண்ட பிறகும், அதைச் செய்து பார்ப்பதற்கு வேண்டிய இரண்டு அறைகள் ஒரே நாளில் வாய்க்க வேண்டும். விடை தெரிந்த பின்னும் மூன்று மாலைகள் நான் வெறுமனே காத்திருந்தேன். அது பிழையான காத்திருப்பு. இரண்டாவது, புதிர்களுள் பல ஆங்கிலச் சொற்களை நம்பியவை. மூன்று பெட்டிகளுள் குறைந்தது ஒன்றில் எழுதியிருப்பது உண்மை, குறைந்தது ஒன்றில் பொய் என்ற விதியை வைத்து, பரிசுள்ள பெட்டியைக் கண்டுபிடிக்கும் அறையைப் போன்றவை எவருக்கும் எட்டும். சொல் விளையாட்டாக அமைந்தவை ஆங்கிலத்தில் நல்ல பழக்கம் இல்லாதவரை வெளியே நிறுத்திவிடும். எப்படியானாலும் பக்கத்தில் ஒரு குறிப்பேடு இல்லாமல் தொடங்க வேண்டாம்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் என் பேத்தி, இட்லி அவிக்கிற கேம் ஒன்று வந்திருக்கிறது, நீங்களும் விளையாடலாம் என்கிறாள். எனக்கு வயது எழுபத்திரண்டு. அதில் எனக்கு என்ன இருக்கிறது?
– ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, உங்கள் பேத்தி சொல்வது ‘வெண்பா’ என்னும் கேம். கனடாவின் டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2023இல் இதை வெளியிட்டது. மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் படைப்புக்கான விருது இதற்குக் கிடைத்தது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. வெண்பா என்பது தாயின் பெயர். அவர் கையில் தம் தாயாரின் சமையல் குறிப்பேடு இருக்கிறது. அது கிழிந்தும் மை கலைந்தும் போயிருப்பதால், விடுபட்ட இடத்தை நாம்தான் நிரப்ப வேண்டும்.

இட்லிப் பகுதியில், தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறையைக் காட்டும் இடம்தான் அழிந்திருக்கிறது. மேல்தட்டின் குழி கீழ்த்தட்டின் குழிக்கு நேராக இல்லாமல் மாறி உட்கார வேண்டும் என்பதை என் நண்பர்கள் சிலர் இரண்டு மூன்று முறை தவறிய பிறகே கண்டார்கள். உங்கள் கைக்கு அது பார்த்தவுடனே தெரிந்துவிடும். புட்டுக் குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் மாறி மாறி விழ வேண்டிய வரிசையும் அப்படியே. வீடியோ கேம் என்றாலே இளைஞர்களின் விரல்வேகத்துக்கானது என்ற எண்ணத்தை இந்த ஒரு கேம் புரட்டிப் போடுகிறது. இங்கே அதிகம் தெரிந்தவர், அடுப்படியில் ஐம்பது ஆண்டு நின்றவர். தவறாக அடுக்கினாலும் தண்டனை கிடையாது, மறுபடியும் செய்து பார்க்கலாம்.

நம் பக்கத்து ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன காலத்தில், பெண்கள் பெரும்பாலும் ஊரிலேயே வீட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். வெண்பா, பெண் தானே கடல் கடந்து போய், அங்கே வளரும் மகன் தன் மொழியிலிருந்தும் சமையலிலிருந்தும் விலகுவதைப் பார்த்து நிற்கும் கதை. அடுப்படி வேலை நம் கையில் இருப்பதால், அவர் ஆசையாகச் செய்து வைத்ததை மகன் தொடாதபோது, அதைச் செய்த கை நம்முடையது என்ற வருத்தம் வந்துவிடுகிறது. எனக்கு அப்படித்தான் வந்தது.

இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது என்பதும், மகன் வளர்ந்த பின்னான பகுதி விரைந்து ஓடிவிடுகிறது என்பதும் என் குறைகள். இன்னும் நான்கைந்து பதார்த்தங்களாவது இருந்திருக்க வேண்டும். பேத்தியை வீடியோ அழைப்பில் திரையைக் காட்டச் சொல்லுங்கள்; நீங்கள் முறையைச் சொல்ல, அவள் அடுக்கட்டும்.

கேள்வி: நம் நாட்டிலேயே உருவான ‘ராஜி’ கேமுக்கு இரண்டே வரி ஒதுக்கியிருந்தீர்கள். இந்தியக் கேம் என்றால் ஏன் இந்த ஓரவஞ்சனை?
– இளைஞர், புதுவயல்

பதில்: புனேயில் உள்ள நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020இல் வெளியிட்ட இந்தக் கேமை, நான் விரும்பவேண்டும் என்று விரும்பியே வாங்கினேன். அசுரர்கள் கடத்திச் சென்ற தம்பியைத் தேடிப் போகும் பெண்ணின் கதையைத் துர்க்கையும் விஷ்ணுவும் சொல்லக் கேட்பது புதுமையாக இருந்தது; கோட்டைச் சுவர்களின் வேலைப்பாட்டைப் பார்ப்பதற்காகவே பல இடங்களில் நின்றேன். ஆனால் சண்டை தொடங்கியதும் என் கை முதல் மணியில் செய்ததையே கடைசி மணியிலும் செய்தது, கதையும் முடிவைத் தொடுமுன்னே நின்றுபோனது. ஆயுதங்களும் அருளும் கூடக்கூட அந்தப் பெண் எப்படி மாறினாள் என்பதை விரல்கள் உணரவில்லை. அவர்களின் அடுத்த கேமை முதல் நாளே வாங்குவேன்.

கேள்வி: ‘எக்ஸ்பெடிஷன் 33’ கேமை உலகமே கொண்டாடுகிறது. தாங்கள் ‘நல்லது, ஆனால் நீளம்’ என்று எழுதியது நியாயமா?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: சுருக்கம் கருதி எழுதியதில் நல்லதை நான் போதுமான அளவு சொல்லவில்லை, அது என் தவறு. பிரான்சின் மோன்பெலியே நகரிலிருந்து 2025இல் வந்த இந்தக் கேமில், தொலைவில் தெரியும் ஒரு பெருங்கல்லில் ஆண்டுதோறும் ஓர் எண் எழுதப்படுகிறது. அந்த வயதுக்காரர்கள் காற்றில் கரைந்து போகிறார்கள். எண் ஆண்டுக்கு ஒன்றாகக் குறைந்துகொண்டே வருகிறது. அதைத் தடுக்கப் புறப்பட்ட முந்தைய குழுக்கள் எல்லாம் அழிந்துபோய், பின்னால் வருபவர்களுக்காகக் குறிப்புகளை விட்டுச் சென்றிருக்கின்றன. எதிரி அடிக்கும் கணத்தில் சரியாகப் பொத்தானை அழுத்தித் தடுக்க வேண்டும் என்ற விதி முதலில் எனக்குச் சிரமமாக இருந்தது. ஒவ்வோர் எதிரியின் தாளத்தையும் தோற்றுத் தோற்றே கற்க வேண்டியிருந்தபோதுதான், முன்னே போனவர்கள் தோற்றுச் சேர்த்த அறிவில் நடக்கும் அந்தக் கதையும் என் விரல்கள் செய்வதும் ஒன்றே என்று புரிந்தது. முதல் ஒரு மணி நேரத்துக்கு இணையான தொடக்கத்தை நான் அண்மையில் கண்டதில்லை. மூன்றாம் பகுதியில் நம் அடியின் வலிமையைக் காட்டும் எண்கள் கட்டுக்கடங்காமல் வளர்ந்து, ஒரே அடியில் எதிரி விழத் தொடங்கியதும் அந்தத் தாளம் தேவையற்றுப் போகிறது. அதைத்தான் நீளம் என்றேன்.

கேள்வி: என் மகள் விடுதியில் ‘பலாட்ரோ’ என்ற சீட்டுக்கட்டுக் கேமை விளையாடுகிறாள். சீட்டாட்டத்தில் வீட்டையே இழந்த குடும்பம் எங்களுடையது. அதைத் தாங்கள் பாராட்டி எழுதியது எனக்கு வருத்தமாக இருந்தது.
– ஒரு தந்தை, சிங்கம்புணரி

பதில்: ஐயா, தங்கள் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 2024இல் வெளிவந்த இந்தக் கேமைக் கனடாவைச் சேர்ந்த ஒருவர் தனியாக உருவாக்கினார். 52 சீட்டுகளில் ஐந்து வரை சேர்த்து போக்கர் முறையில் இறக்கி, குறித்த புள்ளிகளை எட்ட வேண்டும்; இடையே 150 வகை ஜோக்கர் சீட்டுகளுள் கிடைப்பவற்றை வைத்து அந்தப் புள்ளிகளைப் பெருக்க வேண்டும். ஒருமுறை விலை கொடுத்து வாங்கிய பிறகு உள்ளே ஒரு ரூபாயும் கட்ட இடமில்லை, வெல்வதற்கும் பணம் இல்லை, எதிரே இன்னொரு மனிதரும் இல்லை. ஐரோப்பிய வயது வரம்புக் குழுவே 2024இல் இதைச் சூதாட்டச் சாயல் என்று கருதி 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென வகைப்படுத்தி, 2025இல் அதை 12 ஆகத் தளர்த்தியது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்கள் வேறு. திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடு பார்க்காமல் அவற்றை 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்துள்ளது. அவற்றுள் எதையும் இந்தப் பக்கத்தில் நான் எழுதியதில்லை, எழுதவும் மாட்டேன்.

இதில் போவது பணமன்று, தூக்கம். ஓர் ஆட்டம் அரைமணியில் முடிந்ததும் அடுத்ததைத் தொடங்கக் கை தானாகப் போகிறது. இரவு இரண்டு மணி வரை விழித்த நாள்கள் எனக்கு உண்டு. அதன் பிறகு இரவுச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு ஆட்டம் என்று வரையறுத்துக்கொண்டேன். மகளிடம் எவ்வளவு நேரம் விளையாடுகிறாய் என்று கேளுங்கள். வீட்டை இழந்த கதையையும் அவளிடம் சொல்லுங்கள். அவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: வெட்டும் குத்தும் இல்லாத, அவசரம் இல்லாத கேம் ஒன்று சொல்லுங்கள். எனக்கும் திருமணமாகிப் போன என் மகளுக்கும்.
– வாசகி, கோட்டையூர்

பதில்: பூட்டிய அறைகளும் குடும்பக் கதைகளும் நிறைந்த ‘வாட் ரிமெயின்ஸ் ஆஃப் எடித் ஃபிஞ்ச்’ எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதில் ஒவ்வொரு அறையும் ஒரு மரணம், குழந்தையின் மரணமும் உண்டு. ஆகவே உங்களுக்கு அதைச் சொல்லமாட்டேன். உங்களுக்கு உரியது, ஆஸ்திரேலியாவின் விட்ச் பீம் நிறுவனம் 2021இல் வெளியிட்ட ‘அன்பேக்கிங்’.

1997 முதல் 2018 வரை ஒரு பெண் எட்டு முறை வீடு மாறுகிறாள். ஒவ்வொரு முறையும் பெட்டிகளைப் பிரித்து, பொருள்களை எடுத்து, அவற்றுக்குரிய இடத்தில் வைப்பதுதான் வேலை. அவள் முகத்தை நாம் பார்ப்பதில்லை. சீர்ச் சாமான்களைப் பரப்பி வைத்து, பிறகு ஒவ்வொன்றாக எண்ணி எடுத்து அடுக்கிய கைகளுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எந்தப் பொம்மை எல்லா வீட்டுக்கும் கூடவே வருகிறது, எந்தப் பொருள் பாதியில் காணாமல் போகிறது என்பதைக் கவனித்துக்கொண்டே வந்தால் அவள் வாழ்க்கை விளங்கிவிடும்.

2010இல் அவள் தன் காதலனின் வீட்டுக்குப் போகிறாள். அங்கே எல்லா அலமாரியும் அவன் பொருள்களால் நிறைந்திருக்கிறது. அவள் பட்டச் சான்றிதழைச் சட்டத்தோடு பெட்டியிலிருந்து எடுத்து, சுவரில் ஒரு இடம் தேடினேன், இல்லை. மேசை மேல் சாய்த்து வைத்தேன். தவறான இடம் என்று கேம் சிவப்புக் கோடிட்டுக் காட்டியது. கூடத்திலும் சமையலறையிலும் முயன்றேன், அங்கும் சிவப்புக் கோடு. கடைசியில் கட்டிலுக்கு அடியில் தள்ளியபோதுதான் அந்தக் கோடு மறைந்தது.